ஹனீபாவின் இரண்டாவது கமரா

ஹனீபா இறந்துபோன செய்தி எனக்கு ஒரு டொல்பினோடு வந்தது. காலையில் பாண் வாங்கக் கடையில் நின்றபோது கைப்பேசி அதிர்ந்தது. திறந்து பார்த்தால், நீலக் கடலுக்கு மேலே வளைந்து பாய்கிற ஒரு டொல்பின். அதன் தலைக்கு மேலே ‘இன்னாலில்லாஹி’. வயிற்றுக்குக் கீழே ஹனீபாவின் பெயரும் அழுகிற மஞ்சள் முகங்கள் சிலவும். எல்லாவற்றுக்கும் கீழே, டொல்பின் பார்க்கப் படகு வேண்டுவோர் அழைக்க வேண்டிய தொலைபேசி இலக்கம். வீட்டில் கிடக்கிற மையத்தை இன்னும் குளிப்பாட்டவில்லை, அதற்குள் மனுசனை வைத்து ஆள் பிடிக்கிறார்கள். பாணை வாங்காமலே வீட்டுக்குத் திரும்பினேன்.

அவனைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ‘அவன்’ என்றே எழுதுகிறேன். நாங்கள் ஒரே வயதுக்காரர்கள், இந்தக் கரையைப் பற்றி நான் எழுத, அவன் படம் எடுக்க, பல வருடம் ஒன்றாகத் திரிந்தவர்கள். ‘அவர்’ என்று எழுதினால் கபுறிலிருந்து எழும்பி வந்து ஏசுவான். எனக்கு இருக்கிற கவலை ஒன்றுதான். அந்தப் பாய்கிற டொல்பின் படம் ஹனீபா எடுத்ததுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் தன் கடைசி வருடங்களில் அவன் இந்த உலகத்திலேயே அதிகம் அருவருத்த பொருள் அந்தப் படம். அவனுடைய பெயர் அதோடு ஒட்டிக்கொண்டு போய்விடக் கூடாது.

கற்பிட்டிக் கரையில் ஹனீபாவைத் தெரியாதவர்களுக்கும் அவனுடைய பெரிய கமராவைத் தெரியும். படகுக்காரர்கள் அதைப் ‘பீரங்கி’ என்பார்கள். முழங்கையளவு நீளமான லென்ஸ். ஆலங்குடாவிலிருந்து விடியற்காலையில் படகேறி வெளிக்கடலுக்குப் போனால், கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிவதைக் கூட அது மூக்குக்கு முன்னால் கொண்டுவந்து வைத்துவிடும். தூரத்தைப் பிடிப்பதற்கென்றே செய்த சாமான் அது. வேறு எதற்கும் உதவாது. ஒருநாள் எஞ்சினை நிறுத்திவிட்டு மிதந்துகொண்டிருந்தபோது ஒரு டொல்பின் எங்கள் படகோடு ஒட்டி வந்து, ஒருக்களித்துக் கிடந்து, ஹனீபாவை ஒற்றைக் கண்ணால் பார்த்தது. கையை நீட்டினால் தொடலாம். அவன் பீரங்கியைத் தூக்கித் திருகுகிறான், திருகுகிறான், எல்லாம் சாம்பல் புகையாகத் தெரிகிறது. அது சலித்துப்போய்த் தாழ்ந்துவிட்டது. “சீ! கிட்ட வந்தா இது பொட்டைக் கண் மச்சான்” என்று கமராவை மடியில் போட்டான். அவன் வாயில் எப்போதும் இருந்த சொல் அந்தச் ‘சீ’. சத்தமாகச் சொல்ல மாட்டான். வாயில் வந்த மீன்முள்ளைத் துப்புகிற அளவில்தான் சொல்வான்.

இரண்டாவது கமரா வேண்டும் என்று முடிவானது உச்சமுனைத் தீவில். அங்குள்ள குடும்பங்களைப் பற்றி எழுதப் போயிருந்தோம். ஒரு அக்கா தன் வாடிக் குடிசையில் எங்களை இருத்தி, சுடச்சுடச் சோறும் மீன் ஆணமும் தந்து, பிள்ளைகளின் படிப்பைப் பற்றி வெகு நேரம் கதைத்தார். திரும்பி வந்து படங்களைப் பார்த்தால் கொக்கு இருக்கிறது, கடற்காகம் இருக்கிறது, எங்கோ போகிற பாய்த்தோணி இருக்கிறது. மனிதர் என்று ஒருவர் இல்லை. “அந்த அக்காட படம் எங்க?” என்று கேட்டேன். “அவ கிட்ட இருந்தாவே. கிட்ட உள்ளது இதுக்குத் தெரியாது” என்றான். பிறகு அந்தக் கொக்குப் படத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்துவிட்டு, “சோறு போட்டவட முகத்த விட்டிட்டுக் கொக்க எடுத்திட்டு வந்திரிக்கிறேன். சீ!” என்றான்.

அவன் இரண்டாவது கமரா தேடுகிற செய்தி கரையில் பரவியதும் கேலி தொடங்கியது. ஹனீபா இரண்டாம் கலியாணத்துக்குப் பொண் பார்க்கிறாராம், மூத்தவள் குண்டாகிவிட்டாளாம், சின்னதாக ஒன்று தேடுகிறாராம் என்று படகடியில் ஒரே சிரிப்பு. அது அவன் மனைவி காதுக்கும் போனது. நான் அவரை மதினி என்றுதான் கூப்பிடுவேன். “கமராதானே, வரட்டும். சமைச்சுப் போடத் தேவல்ல, நகை கேக்காது” என்று உள்ளேயிருந்து சொன்னார்.

பொண் பார்த்தால் கூட இவ்வளவு பார்த்திருக்க மாட்டான். அவனுடைய மைத்துனர், பெரியதின் கம்பனியிலேயே சின்னதும் வாங்கினால் லென்ஸை மாற்றி மாற்றிப் போடலாம் என்றார். “கடலுக்கு நடுவுல கழட்டி மாட்டவா? உப்பும் மணலும் உள்ள போய்க் குடியிருக்கும். சின்னதுக்கு லென்ஸ் கழண்டு வரவே கூடாது” என்றான். கைப்பேசி போதாதா என்று நான் கேட்டேன். ஆலங்குடாக் கடற்கரையில் பகல் வெயிலுக்குள் நிறுத்தி, என் கைப்பேசியிலேயே படம் எடுக்கச் சொன்னான். திரையில் என் முகமும் மூக்குக் கண்ணாடியும்தான் தெரிந்தன, எதை எடுக்கிறேன் என்பது தெரியவில்லை. ஆகவே கண்ணை வைத்துப் பார்க்கிற துவாரம் வேண்டும். சட்டைப் பைக்குள் இல்லாவிட்டால் சாரத்து மடிக்குள் அடங்க வேண்டும், அடங்காததை ஒருநாள் வீட்டில் விட்டுவிட்டுப் போவோம், அன்றைக்குத்தான் தேவை வரும். கரண்ட் இல்லாத தீவிலும் படகு பற்றரியிலிருந்து கைப்பேசி வயரிலேயே உயிர் ஏற்ற முடிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், சாப்பாட்டு மேசையில் எதிரே இருக்கிறவரையும் அவர் கோப்பையையும் பின்னால் உள்ள கதவையும் எழும்பாமலே ஒரே சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும்.

கொழும்பில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். கழுத்துப்பட்டி கட்டிய விற்பனையாளர் ஒருவர், நிலாவில் உள்ள பள்ளம் தெரியும் என்று ஒரு கமராவை எடுத்து நீட்டினார். “தூரத்துக்கு எனக்கு ஒண்டு இரிக்குத்தானே தம்பி. இன்னொரு தூரம் எதுக்கு?” என்றான் ஹனீபா. அவர் விடவில்லை. அடுத்ததை எடுத்து, கேட்காமலே என்னைப் படம் பிடித்து, திரையைத் திருப்பிக் காட்டினார். நான் மாம்புரிக் கடற்கரையில் பிறந்து வெயிலில் காய்ந்த கறுவல். திரையில் இருந்தவன் மாவில் புரட்டி எடுத்த வெள்ளைக்காரன். சுருக்கம் இல்லை, மச்சம் இல்லை, தாடை ஒடுங்கியிருந்தது. அதுவாகவே அழகாக்கிவிடும் என்று அவர் பெருமைப்பட்டார். ஹனீபா அதை உற்றுப் பார்த்துவிட்டு, “மச்சான், ஒங்கட ஆக்கள் பவுடர் பூசிப் பொட்டிக்குள்ள வெப்பாங்களே, அப்பிடி இரிக்கிறாய். சீ!” என்றான். எங்கள் கத்தோலிக்க வீட்டு மரணங்களுக்கு வந்து பார்த்தவன் அவன், சொன்னதில் பிழை இல்லை. அந்த அழகாக்குகிற வேலையை நிரந்தரமாக நிறுத்தி வைக்கக்கூடிய ஒன்றைத்தான் கடைசியில் வாங்கினான். சவர்க்காரக் கட்டியை விடச் சற்றுப் பெரியது. மேசையையும் எடுக்கும், தெருவின் மறுகரையில் நிற்கிறவரையும் எடுக்கும். அதற்கு அப்பால் போகாது. “அதுக்கு அப்பால போறது மூத்தவள்ட வேலை” என்றான்.

வீட்டுக்கு வந்த முதல் கிழமையே அதற்கு ஒரு விபத்து நடந்தது. எங்கள் பக்கத்தில் உப்புக்காற்றுப் படுகிற எதற்கும் தேங்காயெண்ணெய் பூசுவது வழக்கம். தையல் மெஷின், சைக்கிள் செயின், கதவுப் பிணைச்சல், கத்தரிக்கோல், எதையும் விடுவதில்லை. மதினி புதுக் கமராவும் துருப்பிடிக்கக் கூடாதென்று துணியில் எண்ணெய் தொட்டு ஆசையாகத் துடைத்துவிட்டார், கண்ணாடியையும் சேர்த்து. ஹனீபா ஏசவில்லை. நாள் முழுக்க இருந்து துடைத்தான். ஆனால் உள் விளிம்புக்குள் இறங்கியது இறங்கியதுதான். பிறகு எடுத்த எல்லாப் படத்திலும், வெளிச்சம் வலது பக்கமிருந்து வந்தால், மேல் மூலையில் பெருவிரல் அளவில் ஒரு மங்கல் விழும். “இது எங்கட வீட்டுக் கமரா எண்டதுக்கு அடையாளம்” என்று சொல்லிக்கொண்டான்.

இனி அந்த டொல்பினுக்கு வருகிறேன். சுற்றுலாப் பருவம் உச்சத்தில் இருந்த ஒரு காலை, அவன் வெளிக்கடலுக்குப் போயிருந்தான். நான் போகவில்லை. மத்தியானம் நேரே என் வீட்டுக்கு வந்தான். பிளேன்டி கொடுத்தேன், குடிக்கவில்லை. முதலில் பீரங்கியில் எடுத்ததைக் காட்டினான். நீலக் கடல், வளைந்து பாய்கிற டொல்பின், வேறு ஒன்றும் இல்லை. உங்கள் எல்லாருக்கும் வந்து சேர்ந்த அதே படம். “ஆ, அருமை!” என்றேன். மடியிலிருந்து சின்னதை எடுத்துத் தந்தான். அதே கடல், அதே டொல்பின், அடுத்த நொடி. இதில் டொல்பின் நகத்தளவு இருந்தது. அதைச் சுற்றி வட்டமாகப் படகுகள். எண்ணிப் பார்க்க மனம் வரவில்லை. ஒவ்வொரு படகின் முனையும் டொல்பினைப் பார்த்துத் திரும்பியிருந்தது. ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் ஏறி நின்று கைப்பேசியை நீட்டுகிறார்கள், ஒருத்தன் வெறும் போத்தலை எறிகிறான், தண்ணீர் மேல் எஞ்சின் எண்ணெய் பரவிக் கிடக்கிறது. வலது மூலையில் மதினியின் மங்கல்.

“பெரிசில பாத்தா பாயுது மச்சான். சின்னதில பாத்தா ஓடுது” என்றான் ஹனீபா. “இவ்வளவு காலமும் ஓடுறத எடுத்துப் பாயுது எண்டு வித்திரிக்கிறேன். சீ!” அன்றைக்கு அந்தச் சொல்லை அவன் தனக்கே சொன்னான். உச்சமுனைக்குப் பிறகு அதை நான் இரண்டாம் தடவையாகக் கேட்டேன்.

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு என் கட்டுரை வந்தது. அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும், தெரியாதது போல இருக்கிறவர்களுக்கும் தெரியும். இந்தக் கரையில் உள்ள ஒரு படகுச் சங்கம், சின்னக் கமராப் படம் கம்பியூட்டரில் செய்த பொய் என்று கதை கட்டியது. ஹனீபா மூலையில் இருந்த எண்ணெய்க் கறையைக் காட்டினான், கறை இருக்கிற கமராவைக் காட்டினான். பொய் என்று சொல்வதை விட்டார்கள், அவனைப் படகில் ஏற்றுவதையும் விட்டார்கள். ஒரு படகுக்காரர் அவன் காலை வைத்த பிறகு இறங்கச் சொன்னார். பிறகு அவன் கடலுக்குப் போகவே இல்லை. பீரங்கி அலுமாரிக்குள் போனது. சின்னதை வைத்துக்கொண்டு சந்தையையும் கரைவலையையும் மழைக்கு ஒதுங்கி நிற்கிற பிள்ளைகளையும் எடுத்தான். அவனை ஒதுக்கிய அதே சங்கம், அவனுடைய பாய்கிற டொல்பினை மட்டும் ஒதுக்கவில்லை. அவர்களுடைய சட்டை, சுவர், படகு, எல்லாவற்றிலும் அது பாய்ந்துகொண்டே இருந்தது. கேட்டால், கடலில் உள்ளது எல்லாருக்கும் பொதுதானே என்றார்கள். நெஞ்சுவலி வந்து ஒரே நாளில் அவன் போய்ச் சேர்ந்ததும், அனுதாபக் கூட்டம் வைக்க முந்திக்கொண்டவர்களும் அவர்கள்தான்.

என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். போகவே கூடாது என்று இருந்தேன். ஆனாலும் மதினியிடம் ஒரு வார்த்தை கேட்கப் போனேன். அவர் இத்தாவில் இருந்தார். கணவன் மவுத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே போவதில்லை, அந்நிய ஆண்களுக்கு முன்னால் வருவதுமில்லை. திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து பேசினார், என்னை அண்ணன் முறையில் ‘நானா’ என்பார். “போங்க நானா. எனக்குத்தான் போக ஏலாது. அவருக்காக யாரு வாறாங்க, என்ன செய்றாங்க எண்டு பாக்க ஆசையா இரிக்கு.” திரைக்குக் கீழால் அவருடைய தங்கை சின்னக் கமராவை நீட்டினார். “இதக் கொண்டு போய் எல்லாத்தையும் ஒண்டா எடுத்திட்டு வாங்க. ஒண்டையும் விட்டிராதீங்க.” அந்த முன்னறையின் சுவர் வெறுமையாக இருந்தது. உயிருள்ளதின் படம் தொங்குகிற வீட்டுக்கு வானவர்களான மலக்குமார் வரமாட்டார்கள் என்பது மதினியின் நம்பிக்கை. வாழ்நாளெல்லாம் படம் எடுத்த ஹனீபாவின் சுவரில் ஒரு படமும் இருந்ததில்லை. அதில் அவனுக்குக் குறையும் இருந்ததில்லை.

கூட்டம் கடற்கரை ஹோட்டல் மண்டபத்தில். மேடையில் சுவர் முழுக்க ஒரு பதாகை. டொல்பின் பாய்கிறது, பக்கத்தில் ஹனீபாவின் முகம் டொல்பினை விடப் பெரிதாக. எந்தக் கடையில் அடித்தார்களோ, முகத்தைச் சுண்ணாம்பாக்கி வைத்திருந்தார்கள். நெற்றிக் கோடு இல்லை, வெயில் தின்ற கன்னம் இல்லை, உதட்டில் ரோசா நிறம். அடியில் தொலைபேசி இலக்கம் மறக்காமல் இருந்தது. சங்கச் செயலாளர், ஹனீபா எங்கள் குடும்பத்தில் ஒருவர், எங்கள் படகுகள்தான் அவர் வீடு என்று தழுதழுத்தார். அவனைக் காலை எடுக்கச் சொன்ன படகுக்காரர் முன்வரிசையில் இருந்து தலையாட்டினார். பின்னால் தட்டுகளில் ரோல்ஸும் பற்றீஸும் வந்ததும் பாதிப் பேர் எழும்பினார்கள். எனக்கு முறை வந்தபோது பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மண்டபத்தின் பின் மூலைக்குப் போய்ச் சுவரோடு முதுகை ஒட்டி நின்று, சின்னக் கமராவைக் கண்ணில் வைத்தேன். மேடை, பதாகை, செயலாளர், தட்டு, கை, வாய், எல்லாம் ஒரே சட்டத்துக்குள் வந்தன. ஒரு தடவைதான் அழுத்தினேன்.

அடுத்த நாள் கமராவைத் திரைக்குக் கீழால் கொடுத்தேன். உள்ளே பொத்தானை அழுத்துகிற சத்தம் கேட்டது. “என்ட எண்ணெய் இன்னமும் இரிக்கு” என்றார் மதினி, குரலில் சிரிப்பு வந்துபோனது. “நிறையப் பேர் வந்திரிக்கிறாங்க.” கொஞ்ச நேரம் கழித்து, “சாப்பாடெல்லாம் குடுத்திரிக்கிறாங்க.” பொத்தான் மறுபடியும் அழுந்தியது. பிறகு கேட்டார்:

“இவர்ட கூட்டத்தில, அந்தப் பெரிய துணியில வெள்ளையா இரிக்கிறாரே, அது யாரு நானா?”

திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவரே கண்டுபிடிக்கட்டும் என்றும் இருந்தது, கண்டுபிடிக்காமலே போய்விட வேண்டும் என்றும் இருந்தது. இருபத்தைந்து வருடம் கூட வாழ்ந்த முகம் அவருக்குத் தெரியாமல் போகாது. உள்ளே மூச்சு ஒன்று இழுபட்டது. “சீ!” என்றார் மதினி. ஹனீபாவின் அளவில், மெதுவாக.

திரைக்குக் கீழால் திரும்பி வந்த கமராவோடு நான் நேரே மண்டபத்துக்குப் போனேன். பதாகை இன்னமும் தொங்கியது. கதிரையில் ஏறிக் கயிறுகளை அவிழ்த்தேன். செயலாளர் ஓடிவந்தார். “என்ன அண்ணன் இது? மரியாதைக்குத்தானே நாங்க கட்டின” என்றார். நான் வாதாடவில்லை. சின்னக் கமராவைத் திறந்து அந்தப் படத்தை அவர் கையில் கொடுத்தேன். குனிந்து உற்றுப் பார்த்தார். ஹனீபாவைப் பார்க்கவில்லை, டொல்பினைப் பார்க்கவில்லை, கூட்டத்துக்குள் தன்னைத் தேடினார். கண்டுபிடித்ததும் முகம் சுருங்கியது. “நான் இதில வடிவா இல்லையே அண்ணன். இத அழிச்சிட்டு வேற ஒண்டு எடுப்பமே” என்றார்.

அழிக்கவில்லை. கமராவை மதினி என்னிடமே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அதன் கடைசிப் படம் அந்த மண்டபம்தான். பின்னால் தள்ளிக்கொண்டே போனால் சந்தை வரும், கரைவலை வரும், மழையில் ஒதுங்கிய பிள்ளைகள் வருவார்கள், அதற்கும் பின்னால் அந்தப் படகு வட்டமும் நடுவில் ஓடுகிற டொல்பினும் வரும். மூலைக் கறையைத் துடைத்துத் தரட்டுமா என்று புத்தளத்தில் ஒரு கமராக் கடைக்காரர் கேட்டார், வேண்டாம் என்றேன். கமரா என்றைக்காவது பழுதாகும். ஹனீபாவிடமிருந்து பழுதாகாமல் என்னிடம் வந்து சேர்ந்தது அந்தச் ‘சீ’ ஒன்றுதான். அன்றைக்கு மண்டபத்தில், சுருட்டிய பதாகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, செயலாளரின் முகத்தைப் பார்த்து அதை முதல் தடவையாக நான் சொன்னேன். மீன்முள்ளைத் துப்புகிற அந்த அளவு பிழைக்கவில்லை.